டயர் சென்சார் கருவி: சிறிய கடைக்காரர் வாங்குவதற்கு முன்

காற்று அடிக்க வந்த காரின் மீட்டரில், குதிரைலாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. நான்கு டயரிலும் அளவு பார்த்துக் காற்று அடித்துவிட்டீர்கள். விளக்கு அணையவில்லை. "வரும்போது எரியவில்லையே" என்கிறார் கார்க்காரர். இந்த இடத்தில் பதில் சொல்ல முடியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கு ஒரு முறையாவது வாய்த்திருந்தால், டிபிஎம்எஸ் எனப்படும் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்புக்கான கருவியை வாங்கும் யோசனையும் வந்திருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறிய டயர் கடைக்கோ பொது மெக்கானிக் கடைக்கோ எந்தக் கருவி பொருந்தும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை, முதல் தடவை வாங்குபவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கருவி இல்லாத காலத்தில், எட்டு வருடம் ஓடிய ஒரு காருக்குப் பின்பக்க டயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கார் திரும்பி வந்தது, விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. டயரை மீண்டும் கழற்றிப் பார்த்தால் சென்சாரில் கீறல்கூட இல்லை. அதன் பேட்டரி ஆயுள் முடிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அதை மெய்ப்பிக்க என்னிடம் எதுவும் இல்லை. புதுச் சென்சாரைக் கைக்காசு போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தேன். டயரைத் தொடும் முன்பே நான்கு சக்கரத்தையும் படித்துப் பார்த்து, "பின்பக்க இடது சென்சார் பதில் தரவில்லை" என்று கார்க்காரரிடம் காட்டியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். சென்சார் விற்று வரும் லாபத்தை எண்ணித்தான் பலர் இந்தக் கருவியை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், வீண்பழியிலிருந்து கடையைக் காப்பதுதான் இதன் முதல் வேலை.

முதல் படி: கருவி எதைச் செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நேரடி முறை உள்ள கார்களில், ஒவ்வொரு டயருக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, தன் அடையாள எண்ணான ஐடியோடு சேர்த்து ரேடியோ அலையில் அனுப்பும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸும் பரவலாக உண்டு. உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி பசையால் மூடி அடைக்கப்பட்டிருப்பதால் அதைத் தனியாக மாற்ற வழியில்லை. 5 முதல் 10 ஆண்டுகளில் அது தீரும்போது சென்சாரையே மாற்ற வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கார் நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும். கார் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் எடுத்த பிறகே விழிக்கும். கடையில் நிற்கும் காரின் சென்சாரை எழுப்ப 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அதன் மேல் செலுத்த வேண்டும். கருவி செய்யும் அடிப்படை வேலை இதுதான்: எழுப்புவது, அது சொல்வதைக் கேட்டுத் திரையில் காட்டுவது.

மறைமுக முறையில் டயருக்குள் எதுவும் இல்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்கி, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அதை, பிரேக்கின் ஏபிஎஸ் அமைப்புக்காகச் சக்கரச் சுழற்சியை அளக்கும் சென்சார்கள் மூலம் கார் கண்டுபிடிக்கிறது. ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், டைகன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் போன்ற கார்களில் இருப்பது இதுதான். காற்றைச் சரிசெய்துவிட்டுக் காரின் மெனுவிலோ பொத்தானிலோ ரீசெட் கொடுத்தால் வேலை முடிந்தது, கருவியே தேவையில்லை. இது தெரியாமல் இல்லாத சென்சாரைத் தேடி அரை மணி நேரம் கருவியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றியவர்கள் உண்டு.

வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகி, டாஷ்போர்டில் சூரிய ஒளியில் இயங்கும் சிறு திரையோடு வரும் வெளிச் சென்சார்களும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை இணைப்பதற்கு அந்தத் திரையே போதும்.

இரண்டாம் படி: ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

கடைக்காரர்கள் பலரும் தவறவிடும் படி இது. இதற்குச் செலவும் இல்லை. உங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு காரிலும் மாடல், ஆண்டு, வேரியன்ட், டயர் விளக்கு இருக்கிறதா, ஒவ்வொரு டயரின் அளவும் தனித்தனியாகத் திரையில் வருகிறதா என்பதைக் குறித்துவாருங்கள். தனித்தனி எண் வந்தால் பெரும்பாலும் நேரடி முறை. ஒரே மாடலில் மேல் வேரியன்ட்டில் சென்சார் இருக்கும், கீழ் வேரியன்ட்டில் இருக்காது. ஆகவே மாடல் பெயர் மட்டும் போதாது.

விளக்கு எப்படி எரிகிறது என்பதையும் எழுதுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், அமைப்பில் கோளாறு என்று பொருள். மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. பஞ்சராகி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வருபவரின் காரில் விளக்கு மின்னினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான ஸ்டெப்னிகளில் சென்சார் இருப்பதில்லை.

மாத முடிவில் நோட்டைப் புரட்டினால், உங்கள் தெருவின் நிலவரம் கையில் இருக்கும். ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், எம்ஜி ஹெக்டர் ஆகியவைதான் அதிகமா, மஹிந்திராவா, அல்லது பத்தாண்டு ஓடிய சொகுசுக் கார்களா என்பதைப் பொறுத்தே கருவி அமையும். மாதத்துக்கு நான்கு கார்கூடத் தேறவில்லை என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கருவி வைத்திருக்கும் கடையோடு பேசிவைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் நோட்டைத் தொடருங்கள். 2019, 2020-இல் சென்சாரோடு விற்ற செல்டோஸ், ஹெக்டர், கிரெட்டா போன்ற கார்களின் பேட்டரிகள் ஆயுளின் கடைசிப் பகுதியை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் டிபிஎம்எஸ்ஸும் உள்ள, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனத்துக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியதும் சென்சார் உள்ள கார்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: எந்த அளவு வேலை செய்யும் கருவி வேண்டும்?

சந்தையில் உள்ள கருவிகளை விலையை வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். செய்யும் வேலையை வைத்துப் பாருங்கள்.

மிகக் கீழே இருப்பவை சென்சாரை எழுப்ப மட்டுமே தெரிந்தவை. கையடக்கமாக, ஓரிரு பொத்தான்களோடு இருக்கும். திரைகூட இல்லாதவை உண்டு. இவற்றில் இஎல்-50448 என்ற எண்ணோடு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குச் சென்சார்களை வரிசையாகக் கற்பிக்க, அதாவது எந்தச் சக்கரத்தில் எந்த ஐடி என்று காருக்கு அடையாளம் காட்ட, உருவான கருவி. அந்த நிறுவனம் 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

அடுத்த நிலை, சென்சாரைப் படித்து ஐடி, அழுத்தம், வெப்பம், சிலவற்றில் பேட்டரி நிலை ஆகியவற்றைக் காட்டுவதோடு, வெற்றுச் சென்சாருக்குள் நிரலை எழுதவும் தெரிந்தவை. வெற்றுச் சென்சார் என்பது எந்தக் காருக்கும் சொந்தமில்லாமல் வருவது. காரைத் தேர்ந்தெடுத்து எழுதினால் அந்தக் காரின் சென்சாராக மாறிவிடும். இதில் ஒரு அழகான வசதி உண்டு. பழைய சென்சாரின் ஐடியையே புதியதில் எழுதிவிட்டால், மாற்றம் நடந்ததே காருக்குத் தெரியாது. கற்பிக்கும் வேலை மிச்சம். பழையது செத்துப்போயிருந்தாலும் அதன் உடம்பில் ஐடி அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 8 இடம், 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து இருக்கும். அதைக் கையால் தட்டிக் கொடுக்கலாம். எட்டையும் பி என்ற எழுத்தையும் மாற்றிப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அலைந்ததால் சொல்கிறேன்: செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

மூன்றாம் நிலையில் ஓபிடி இணைப்பு சேரும், அதாவது ஸ்கேனர் செருகும் காரின் சாக்கெட்டோடு கேபிளில் இணையும் வசதி. புதிய ஐடிகளைக் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எழுத இது வேண்டும். ஏனென்றால் கார்கள் சென்சாரைக் கற்றுக்கொள்ளும் விதம் மூன்று வகை. சில கார்கள் சற்று நேரம் ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றை நிறுத்திவைத்து, கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், சக்கரம் சக்கரமாக எழுப்ப வேண்டும். சில கார்களில் ஓபிடி வழியாக எழுதினால் மட்டுமே ஏறும். உங்கள் நோட்டில் உள்ள முதல் ஐந்து மாடல்கள் எந்த வகை என்று கேட்டறியுங்கள். அவற்றில் ஒன்றுக்காவது ஓபிடி வேண்டும் என்றால் மூன்றாம் நிலைக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஆட்டெல் நிறுவனத்தின் டிஎஸ்408 வகையில் ஓபிடி இல்லை, டிஎஸ்508 வகையில் உண்டு. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், விலைப்பட்டியலிலும் அருகருகே இருக்கும். ஆகவே எண்ணைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். பார்டெக், ஏடெக் நிறுவனங்களின் கருவிகளிலும் இதே ஏணி உண்டு.

எல்லாக் கோளாறுகளையும் படிக்கும் பெரிய டேப்லெட்டோடு சேர்ந்து வருபவை நான்காம் நிலை. டயர் வேலை மட்டும் செய்யும் கடைக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமம். அதே நேரம், உங்களிடம் ஏற்கெனவே ஸ்கேனர் இருந்தால் புதிதாக எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. லான்ச் ஸ்கேனர்களோடு இணைத்துப் பயன்படுத்த டிஎஸ்கன் என்ற கைக்கருவி இருப்பதைப் போல, உங்கள் ஸ்கேனருக்கும் துணைக்கருவி கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சிறிய கடைக்கு என் தேர்வு மூன்றாம் நிலைதான். இரண்டில் நிறுத்தி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

நான்காம் படி: மாடல் பட்டியலை நம்பாதீர்கள், சோதியுங்கள்

விற்பனையாளர் முதலில் சொல்வது, "98 சதவீதக் கார்களுக்கு வேலை செய்யும்" என்பதுபோல ஒரு எண்ணாக இருக்கும். எந்த ஊர்க் கார்களில் 98 சதவீதம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கும் புதுக் கார்கள் அனைத்துக்கும் டிபிஎம்எஸ் கட்டாயம். கருவி செய்பவர்களின் கண் அந்தச் சந்தைகள் மேல்தான் இருக்கும் என்பதால் அங்குள்ள கார்கள் பட்டியலில் நிறைந்திருக்கும். இங்கு மட்டுமே ஓடும் மாடல் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

பெயர் வேறாகவும் இருக்கலாம். கிரெட்டா சீனாவில் ஐஎக்ஸ்25 என்று விற்றது. ஹெக்டருக்குப் பாவ்ஜுன் 530 என்ற உடன்பிறப்பு உண்டு. "பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை செய்யும்" என்று விற்பவர் சொல்வது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், காரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கான சோதனை இது. நோட்டில் அடிக்கடி வரும் மாடல்களில் மூன்று கார்க்காரர்களிடம் சொல்லிவைத்து ஒரே நாளில் கடைக்கு வரவழையுங்கள். டெமோவை விற்பனையாளர் கடையில் பார்க்காமல் உங்கள் கடையில், கம்ப்ரஸர் ஓடும்போது பாருங்கள். கருவியை நீங்களே கையில் வாங்கி, வால்வுக்கு நேர் மேலே டயரின் பக்கச்சுவரை ஒட்டிப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். சில நொடிகளில் ஐடியும் அழுத்தமும் வர வேண்டும். வந்த எண்ணை உங்கள் சாதாரணக் காற்றுமானியோடு ஒப்பிடுங்கள். ஓரிரு பிஎஸ்ஐ வித்தியாசம் இயல்பு. அடுத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு வெவ்வேறு ஐடி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கு ஒரே ஐடி வந்தால், பக்கத்துச் சக்கரத்தின் அல்லது அருகில் நிற்கும் காரின் பதிலைக் கருவி பிடித்திருக்கிறது.

பிறகு ஓபிடி கேபிளைச் செருகி, காரில் பதிவான நான்கு ஐடிகளைப் படிக்கச் சொல்லி, நீங்கள் படித்தவற்றோடு ஒப்பிடுங்கள். கிரீஸ் கையோடு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். தொடுதிரை மட்டும் உள்ள கருவி, கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யும் பையனுக்குத் தொல்லையாக இருக்கும். மதிய வெயிலில் திரை தெரிகிறதா என்பதையும் வெளியே எடுத்துப்போய்ப் பாருங்கள்.

ஐந்தாம் படி: சென்சார் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்

இது கருவியைவிடப் பெரிய கேள்வி. பல கருவிகள் தங்கள் நிறுவனத்தின் வெற்றுச் சென்சாரில் மட்டுமே எழுதும். ஆட்டெல் கருவி வாங்கினால் எம்எக்ஸ்-சென்சார் என்ற அதன் சொந்தச் சரக்கையே நம்பியிருக்க வேண்டும். ஷ்ரேடர் நிறுவனத்தின் ஈசி-சென்சார் போன்றவற்றில் வேறு சில நிறுவனங்களின் கருவிகளும் எழுதும். எதுவானாலும், அந்தச் சென்சார் உங்கள் மாவட்டத்தில் அல்லது கோயம்புத்தூர், சென்னை மொத்தக் கடையில் கையிருப்பில் இருக்கிறதா, கேட்டால் எத்தனை நாளில் வரும், ரப்பர் வால்வு வகையும் அலுமினிய வால்வு வகையும் இரண்டுமே உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்சார் வர பத்து நாள் ஆகும் என்றால் கார்க்காரர் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடுவார்.

கூடவே சர்வீஸ் கிட்டும் கேளுங்கள். சென்சார் உள்ள டயரைக் கழற்றும்போதெல்லாம் சீல், நட்டு, வால்வு கோர் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசி), மூடி ஆகியவற்றை மாற்றுவதே முறை. அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளைக் கோரைப் போட்டுவிட்டால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் கழித்துத் திருகினால் வால்வே கையோடு வரும். நிக்கல் பூசிய கோரைத்தான் போட வேண்டும். ஒரே வடிவில் இருப்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

ஆறாம் படி: விலையும் அதற்குப் பின்னால் இருப்பதும்

கேட்க வேண்டியவை சில. சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை ஆண்டுக்கு இலவசம், அதன் பிறகு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் பழைய மாடல்களுக்காவது கருவி வேலை செய்யுமா? வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்த கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இங்கே அப்டேட் மறுக்கப்படலாம். ஆகவே இந்தியாவுக்கான வாரண்டி அட்டையும் சீரியல் எண் எழுதிய பில்லும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

பணம் எப்போது திரும்பும் என்பதற்குக் கற்பனைக் கணக்கு ஒன்று. கருவி 30,000 ரூபாய், ஒரு வேலையில் கையில் நிற்பது 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 120 வேலை தேவை. நோட்டுப்படி மாதம் பத்து வேலை வந்தால் ஓர் ஆண்டு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டைத் தாண்டினால் அவசரப்படாதீர்கள், அதற்குள் கருவியே பழையதாகிவிடும். பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குவதில் தவறில்லை, ஆனால் அப்டேட் உரிமை முதல் முதலாளியின் பெயரில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஏழாம் படி: வாங்கிய முதல் வாரம்

கருவி வந்ததும் வைஃபையில் இணைத்து அப்டேட் செய்யுங்கள். வேலைச் சீட்டில் "வரும்போது", "போகும்போது" என இரண்டு கட்டம் சேருங்கள். சென்சார் உள்ள எந்தக் காரானாலும் ஜாக்கி போடும் முன் நான்கையும் படித்து முதல் கட்டத்தில் எழுதி, கார்க்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாமல் டயரைத் தொடக் கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

டயரைக் கழற்றும் மெஷினில் பீட்டை, அதாவது ரிம்மோடு ஒட்டியிருக்கும் டயர் விளிம்பை, அழுத்தும் ஷூ, வால்வு இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வரும்படி சக்கரத்தை வையுங்கள். கடைகளில் உடையும் சென்சார்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. பஞ்சர் திரவம் ஊற்றிய டயர் என்றால் சென்சாரின் சிறு துளை அடைபட்டிருக்கலாம். அதையும் சீட்டில் எழுதுங்கள். அலுமினிய வால்வின் நட்டைக் கைப்பழக்கத்தில் முறுக்காமல், சென்சாரோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். சாதாரண ரெஞ்சைப் பிடித்துப் பழகிய கைக்கு அது முறுக்கியது போலவே தோன்றாது.

டயர்களை இடம் மாற்றிப் போட்ட காரில் கடைசியாக ஒரு சோதனை உண்டு. முன்பக்க இடது டயரில் மூன்று பிஎஸ்ஐ மட்டும் காற்றை இறக்கிவிட்டு, அந்தச் சென்சாரை மீண்டும் எழுப்பி, மீட்டரில் எந்த டயரின் எண் குறைகிறது என்று பாருங்கள். நிற்கும்போது எண் மாறாத காராக இருந்தால் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். பின்பக்க எண் குறைந்தால், காருக்கு இன்னும் பழைய இடமே நினைவில் இருக்கிறது. மறுபடி கற்பிக்க வேண்டும். சரியான எண் குறைந்தால் காற்றை அடித்து, "போகும்போது" கட்டத்தை நிரப்பிச் சாவியைக் கொடுங்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு அடித்த காற்று என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: வெப்பம் சுமார் ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் அளவு ஒரு பிஎஸ்ஐ குறையும். மறுநாள் விடிகாலையில் எண் குறைந்திருப்பதைப் பார்த்துப் பஞ்சர் என்று திரும்பி வர மாட்டார்.